பக்கம் புரளும் சத்தம்

…அதுவும் ஒரு வேலைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், சொல்லிக்கொடுக்க வேண்டாம், திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், கூட ஓர் ஆள் இருந்தாலே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கும், அவ்வளவுதான், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தாயிற்று, இப்போது உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது, சும்மா இருப்பதைப் போல ஆளைப் படுத்தும் வேலை வேறு இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகள் இன்னும் தொட்டியில் கிடக்கின்றன, மனைவிக்கு மருந்துக்கடையில் இன்றைக்கு முழுநாள் முறை, மகனின் மேசையில் ஓர் ஓரத்தைக் கேட்டு வாங்கி அவர் தன் சாமான்களைப் பரப்பியிருக்கிறார், காது மெஷினோடு மாட்டும் அச்சுகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய காதின் வளைவு, அழுக்கு அடைத்த துளையை மெல்லிய கம்பியால் குத்தி, குட்டி பிரஷ்ஷால் துடைத்து, ஒரு ஊது ஊதி… மருத்துவமனையில் காது பரிசோதிக்கிற உத்தியோகம், இது வீட்டுக்குக் கொண்டுவந்த மிச்சம். எதிரே மகன், பதினைந்து வயது, வீட்டில் பெயர் பம்பரம், யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். நாளைக்கு அவனுக்கு இயற்பியல் பரீட்சை. போன தடவை அதில் அவன் வாங்கிய மதிப்பெண்ணை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

டக்… டக்… டக்டக். மேசைக்காலில் அவன் கால் இடிக்கிறது. இடிக்கட்டும், காதில் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் காதை வைத்தே பிழைக்கிற ஆளிடம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றால் எப்படி, அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுவது முதல் சுவருக்குள் ஒயர் உறுமுவது வரை எல்லாம் வரிசையில் வந்து நின்று வணக்கம் சொல்லும் காது இது. அதுகூடப் பரவாயில்லை, இந்தத் தாளத்தை அவருக்கு முன்பே தெரியும், அதுதான் வினை. இரண்டு மெதுவாக, இரண்டு வேகமாக, நடுவில் ஒரு மூச்சுத் தயக்கம். தம்பியின் கால். தம்பி இந்தப் பையனைப் பார்த்ததே இல்லை, இவன் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு மழைநாளில் யாரோ ஒரு போலீஸ்காரர் அவன் போனிலிருந்தே கூப்பிட்டு, நீங்க இவருக்கு என்ன வேணும் என்று கேட்டார்… பிறகு இந்தத் தாளத்தை இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ரத்தத்தில் வரும் என்கிறார்கள், மூக்கு வரலாம், முடி வரலாம், மேசைக்காலை உதைக்கிற தாளம்கூடவா வரும்? சில நாள் நிமிரவே பயமாக இருக்கிறது, நிமிர்ந்தால் எதிரே உட்கார்ந்திருப்பது அவனாக இருந்துவிட்டால், என்னண்ணா, எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டால்…

நிமிர்கிறார். மகன்தான். பேனா மூடியை உதட்டில் கவ்விக்கொண்டு கூரையைப் பார்க்கிறான், கண் ஒருபக்கம், புத்தகம் ஒருபக்கம், புத்தி எந்தப் பக்கமோ. சோம்பேறித்தனம் இல்லீங்க என்றார் டாக்டரம்மா, ஏ.டி.எச்.டி. என்று தாளில் எழுதிக் காட்டினார், ஏதோ வண்டி நம்பர் மாதிரி இருந்தது. படிக்கணும்னு அவனுக்கும் ஆசை இருக்கு, ஆனா எப்பவோ வரப்போற மார்க்கு, அடுத்த வருஷம் வரப்போற காலேஜு, இதெல்லாம் அவனைப் பிடிச்சு இழுக்காது, இப்போ, இங்கே, பிடிச்சிருந்தாத்தான் வண்டி கிளம்பும், கிளம்பிட்டா உங்களால நிறுத்த முடியாது. அது நூற்றுக்கு நூறு உண்மை. லிப்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்பிவிடும். கயிறு அறுந்தாலும் லிப்ட் கீழே விழாது, வேகம் கூடினதும் பல் மாதிரி ஒரு பிரேக் ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வும், தெரியுமா உனக்கு என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால் கை காய்ந்து போகும்வரை நிறுத்த மாட்டான். கவனம் போதவில்லை என்று காட்டத்தான் அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனது, அங்கே போய் லிப்டில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தவனைத் தேடிப் பிடிப்பதற்குள் முறை தவறிவிட்டது. எதுக்காகப்பா படிக்கிறே என்று டாக்டரம்மா கேட்டார். நான் எங்க படிக்கிறேன் என்றான். அறையில் எல்லோரும் சிரித்தோம் என்றுதான் அவர் வெளியில் சொல்லிக்கொள்கிறார், உண்மையில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை, இதே கேள்வியை இதே வயதில் தம்பியிடம் அப்பா கேட்டதும், அவன் பதில் சொல்லத் தெரியாமல் மென்று விழுங்கியதும், பிறகு…

பிறகு பெல்ட். முதலில் கொக்கியின் சத்தம்தான் வரும், ஆணியிலிருந்து கழற்றும்போது ஒரு சின்னக் கிலுக்கு, அது போதும், அதற்கு மேல் என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டியதே இல்லை, சுவருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் தம்பி. அண்ணனைப் பாருடா, அண்ணனைப் பாருடா என்று ஒவ்வோர் அடிக்கும் அப்பா சொல்வார், பார்க்கச் சொன்ன அண்ணனோ இந்தப் பக்கம் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு… நன்றாகப் படித்தான் அண்ணன், வகுப்பில் முதல், பள்ளிக்கூடத்தில் முதல். கண்ணும் கருத்துமாகப் படித்த பிள்ளை என்று பேர். இன்றைக்கும் அவர் பெல்ட் போடுவதில்லை, இடுப்பில் நிற்கிற மாதிரிப் பார்த்துத்தான் பேன்ட் தைத்துக்கொள்கிறார், கூட வேலை செய்பவர்கள் கேட்டால் வயிற்றில் அலர்ஜி என்பார். இந்த வீட்டில் பிள்ளைகள் மேல் ஒரு விரல் பட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு, நியாயமான பெருமைதானே, தம்பிக்குக் கிடைக்காத டாக்டர் இவனுக்குக் கிடைத்தார், தம்பிக்குக் கிடைக்காத மாத்திரை, தம்பிக்குக் கிடைக்காத அப்பா… இவனை மட்டும் கரை சேர்த்துவிட்டால் போதும், ஒரு கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும், யாருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு அது, இல்லாத ஆளுக்கா?

"அப்பா."

"ம்."

"செத்துப்போனவங்க காது மெஷினை என்ன பண்ணுவீங்க?"

படிடா என்று சொல்ல வந்ததை விழுங்கி, திருப்பிக் கொடுத்துருவாங்க, வேற யாருக்காவது ஆகும், அச்சு மட்டும் ஆகாது, அது அவங்க காதுக்கு மட்டும்தான் பொருந்தும் என்கிறார். அப்போ அந்த அச்சை? தூக்கிப் போட்டுருவோம். காதையேவா என்று கேட்டு, தானே சிரித்து, நாற்காலியைப் பின்னங்காலில் சாய்த்து, ஆடி, ஆடி, எதற்கோ கையை வீசியதில் மேசையோரத்தில் வரிசையாக அடுக்கியிருந்த அச்சுகள் அத்தனையும் தரையில் பொலபொலவென்று… டேய்! வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, ஒரே ஒரு சொல், ஆனால் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். சாரிப்பா, சாரிப்பா, பையன் குனிந்து பொறுக்குகிறான், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஒன்றை எடுக்கிறான், அவரும் குனிகிறார், கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது, முதுகைத் தட்டிக்கொடுக்கலாமா என்று யோசித்துத் தட்டிக்கொடுக்காமல் விடுகிறார். அப்போது ஏதோ கேட்டது. அந்த நேரத்தில் அது என்னவென்று பிடிபடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிகச் சின்னதாக ஒரு சத்தம், காற்றில் காகிதம் அசைகிற மாதிரி, போகட்டும்…

எல்லாவற்றையும் மறுபடி அடுக்கியபின், எப்படித்தான் தோன்றியதோ, இயற்பியல் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, இதுல கப்பியில ரெண்டு பக்கமும் கட்டை தொங்குதுன்னு போட்டிருக்கே, ஒண்ணை அடிச்சிட்டு லிப்ட்னு போட்டுக்கோ, இன்னொண்ணை லிப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்குற எடைக்கல்லுன்னு போட்டுக்கோ, இப்போ சொல்லு, ஆள் ஏறினதும் கயித்துல எவ்வளவு இழுவை என்றார். பையன் புத்தகத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். இதுவா இது என்றான். இதேதான் என்றார். அட, முன்னாடியே சொல்லக்கூடாதா என்று இயற்பியல் வாத்தியாரைத் திட்டிக்கொண்டே பென்சிலை எடுத்தவன்தான், பெட்டி வரைந்தான், கயிறு வரைந்தான், ஆள் ஒருவனைக்கூடத் தொப்பியோடு வரைந்தான், பிறகு எண்கள் வரத் தொடங்கின. கால் நின்றுவிட்டது. அவரால் நம்ப முடியவில்லை, குனிந்து மேசைக்கடியில் பார்க்க வேண்டும் போல இருந்தது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று கம்பியைக்கூடக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். வாரக்கணக்கில் காத்திருந்தது இதற்குத்தானே. அந்த டாக்டரம்மா சொன்னது பலித்துவிட்டது. மனைவிக்கு உடனே போன் பண்ண வேண்டும், வேண்டாம், நகர்ந்தால் போயிற்று…

எவ்வளவு அமைதி. இந்த அறையில் இவ்வளவு அமைதியை அவர் கேட்டதே இல்லை. எப்போதும் காலோ பேனாவோ நாற்காலியோ ஏதாவது ஒன்று இடையில் இருந்துகொண்டே இருக்கும், அது நின்றதும் அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் மெதுவாக முன்னால் வருகிறது, மின்விசிறியின் முனகல், தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது, சுவருக்கு அந்தப் பக்கம், இதோ, மறுபடியும் அந்தச் சத்தம், சர்… பக்கம் புரள்கிறது. மகள் படிக்கிறாள். மூத்தவள், பதினேழு வயது, பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை இந்த வாரம். இவன் பம்பரம் என்றால் அவள் சமத்து, அவள் பிறந்தபோது அழவே இல்லையாம், நர்ஸ் சொன்ன வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. சமத்து சாப்பிட்டாச்சா, சமத்து தூங்கியாச்சா, அவளாகவே எழுந்து, அவளாகவே படித்து, அவளாகவே முதல் மதிப்பெண் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போவாள், கையெழுத்துப் போட்டுவிட்டு, வெரிகுட்மா, எங்கே உன் தம்பியோட கார்டு என்று கேட்பதுதான் இத்தனை வருட வழக்கம். சர்… இன்னொரு பக்கம். படிக்கட்டும், கொடுத்து வைத்திருக்க வேண்டும் இப்படி ஒரு பிள்ளைக்கு. சர்…

அவர் கையில் இருந்த கம்பி அப்படியே நிற்கிறது. என்ன இது? ஏதோ இடிக்கிறதே, என்ன? சர்… மின்விசிறி மூன்று முறை முனகுகிறது, சர்… மறுபடி மூன்று முனகல், சர்… மூளை வேண்டாம் என்றாலும் காது எண்ணிக்கொண்டு போகிறது, அது காதின் தொழில். எந்தப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே நேரம் பிடிக்கும்? ஒரு பக்கத்தில் படம் இருக்கும், ஒரு பக்கத்தில் சிக்கலான கணக்கு இருக்கும், ஓர் இடத்தில் புரியாமல் திரும்பி மேலே போக வேண்டியிருக்கும், மனுஷர் படிக்கிற சத்தத்துக்கு ஒரு கோணல்மாணல் உண்டு. இதில் அது இல்லை. இந்தச் சத்தத்தை அவர் வேறெங்கோ கேட்டிருக்கிறார், எங்கே… காதுப் பரிசோதனைக்கு வந்திருந்த அந்த பஸ் ஓட்டுநர். சத்தம் புகாத அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், காதில் ஹெட்போன், கையில் பொத்தான், சத்தம் கேட்கும்போது மட்டும் அமுக்கணும், சின்னதாக் கேட்டாலும் அமுக்கலாம் என்று சொல்லிவிட்டு இவர் மெஷினைத் தொடங்கினார், ஓட்டுநரும் அமுக்கினார், அமுக்கினார், அமுக்கினார், அழகாக, சீராக, சந்தேகம் வந்து மெஷினை நிறுத்தியபிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தார். எதுவுமே ஒலிக்காத அந்த அறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பெரிய மனுஷர் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது பல நாள் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. கதவைத் திறந்தபோது, பாஸ்தானே சார், எல்லாத்துக்கும் அமுக்கிட்டேனே சார் என்றார். காது கேட்டு அமுக்கியது இல்லை அது. வேலை போய்விடும் என்று பயந்து அமுக்கியது.

சே, என்ன பேத்தல். பெற்ற பெண் படிக்கிறாள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து இப்படியெல்லாம் யோசிக்கிற அப்பன் உண்டா, தொழில் புத்தி, எதைப் பார்த்தாலும் டெஸ்ட் வைக்கத் தோன்றுகிறது. அவள் படிக்காமலா முதலில் வருகிறாள்? ஒருவேளை பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறாளோ என்னவோ, திருப்பிப் பார்த்தால் வேகமாகத்தான் புரளும். சர்… ஆனால் டாக்டரம்மா அன்றைக்குக் கேட்டார், வீட்ல வேற பிள்ளைங்க இருக்காங்களா, இருக்கா டாக்டர், மூத்தவ, அவளைப் பத்திக் கவலையே இல்லை, அவ வாட்டுக்கு இருப்பா. அவ எதுக்காகப் படிக்கிறா என்றார் டாக்டரம்மா. இதென்ன கேள்வி என்று அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்குப் படிப்புன்னா உசிரு டாக்டர் என்றார், மனைவியும் தலையாட்டினாள். டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் பேனாவை மூடி வைத்தார். ஏன் மூடி வைத்தார்? படிப்பு என்றால் உயிர் என்று இவர் எதை வைத்துச் சொன்னார்? எந்தப் பாடம் பிடிக்கும் அவளுக்கு? பம்பரத்துக்கு லிப்ட் பிடிக்கும், லிப்டுக்கு முன்னால் ஆக்டோபஸ், அதற்கு முன்னால் பூட்டு, வீட்டிலிருந்த ஒரு பூட்டு பாக்கியில்லாமல் கழற்றிப் போட்டான், எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. சமத்துக்கு? சின்ன வயதில் ஏதோ… மேகம்? வரைவாள், இல்லை, அது அடுத்த வீட்டுப் பெண். யோசிக்க யோசிக்க வெறும் அட்டைகள்தான் வருகின்றன, முதல், முதல், முதல். பையன் இன்றைக்கும் அவரை நீ என்றுதான் கூப்பிடுகிறான், நினைத்தால்தான் நீங்க. அவள் எப்போதும் நீங்க. அவளும் ஒரு காலத்தில் வா அப்பா, தூக்கு அப்பா என்றவள்தானே, அது எப்போது மாறியது என்று எவ்வளவு தேடினாலும் அந்த நாள் கிடைக்கவில்லை.

அச்சுகள் விழுந்தபோது கேட்டது என்ன சத்தம்? அதுதான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. டேய் என்று அவர் கத்தினார், கத்திய மறுநொடி, சுவருக்கு அந்தப் பக்கம்… சர் என்று கேட்டதே, அதுவா? அப்படியென்றால் டேய் என்ற சொல் இவன்மேல் விழுந்தபோது அவள் பக்கத்தைப் புரட்டினாள். தற்செயலாக இருக்கும். புரட்ட வேண்டிய நேரத்தில் புரட்டியிருப்பாள். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதகரும் எதையும் எழுத மாட்டார், இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்க வேண்டும், கேட்பவர் எதிர்பார்க்காத நேரத்தில், அதுதான் முறை. எதிரே மகன் உதட்டை அசைத்துக்கொண்டு எழுதுகிறான், நாக்கு நுனி வெளியே வந்திருக்கிறது, இரண்டாவது கணக்குக்குப் போய்விட்டான், தானாக, யாரும் சொல்லாமல். வேண்டாம். வேண்டாமே. சர்… இப்போதுதான் புரண்டது, அடுத்தது புரள மூன்று முனகல் ஆக வேண்டும், நடுவில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரே ஒரு சொல், பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம்…

"டேய்! என்னடா பண்ணிட்டிருக்கே!"

சர்.

உடனே. ஒரு முனகல்கூட முடியவில்லை. அதோடு நிற்கவில்லை, சர்… சர்… அடுத்தடுத்து, அரக்கப் பரக்க, இதோ படிக்கிறேன், இதோ படிக்கிறேன் என்று சுவர் வழியாகச் சொல்கிற மாதிரி. எதிரே பையன் பேயறைந்தவன் போலப் பார்க்கிறான், பென்சில் நின்ற இடத்தில் ஒரு கோடு தாளுக்கு வெளியே ஓடியிருக்கிறது. "நான்… நான் படிச்சிட்டுத்தானேப்பா இருந்தேன்?" தெரியும்டா, தெரியும், உன்னைச் சொல்லலை, சும்மா… சும்மா என்றால் என்ன, என்னவென்று சொல்வது, உன் அக்கா என்ன செய்கிறாள் என்று பார்க்க உன்மேல் கத்தினேன் என்றா? பையன் புத்தகத்தைப் பார்க்கிறான், லிப்டைப் பார்க்கிறான், தொப்பி போட்ட ஆளைப் பார்க்கிறான், அது மறுபடி வெறும் கோடுகளாகிவிட்டது அவன் முகத்திலேயே தெரிகிறது. "எங்க விட்டேன்னு தெரியலப்பா." புத்தகத்தை மூடிவிட்டான். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததைக் கையாலேயே நிறுத்தியாயிற்று. நாளைக்குப் பரீட்சை. இதைப் பற்றி மனைவியிடம் சொன்னால் உங்களுக்கு என்ன பைத்தியமா என்பாள், கேட்பதில் தப்பே இல்லை.

எழுந்து நிற்கிறார், எங்கே போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே நடையில் இருக்கிறார். பெல்ட்டே இல்லாத வீடு இது. கை ஓங்காத வீடு. மாத்திரைக்கு நேரம் தவறாத, டாக்டரிடம் ஒரு நாளும் போகத் தவறாத, அவனுக்காகப் பேசி, அவனுக்காகப் பள்ளிக்கூடத்தில் போய் நின்று, அவனுக்காக அழுது, அவனைத் திட்டி, திட்டியதற்காக அவனிடமே மன்னிப்புக் கேட்டு… இதெல்லாம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கத்தில் நடந்தது. அந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்டிருக்கும்? அவருக்குத் தெரியாதா என்ன, அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும், வகுப்பில் முதல், பள்ளிக்கூடத்தில் முதல் வந்த அந்தப் பையன் ஒரு வரியையாவது பிடித்துப் படித்தானா, நான் படிக்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை, இந்த அறைக்கு வராதீர்கள் என்று ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அதுதானே அது. அவளுக்கு எந்த நோயும் இல்லை. எந்த டாக்டரும் அவளுக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுக்க மாட்டார். தம்பியை இந்தத் தடவை விழாமல் பிடித்துக்கொண்டுவிட்டோம் என்று அவர் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்த இத்தனை வருடமும் அடுத்த அறையில் அவரே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கதவு சாத்தியிருக்கவில்லை, ஒருக்களித்திருந்தது. முதுகு தெரிகிறது, நேரான முதுகு, நல்ல பிள்ளைக்குரிய முதுகு, பின்னல் ஒரு முடி கலையாமல். மேசையில் எல்லாம் அதனதன் இடத்தில். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, காலடிச் சத்தம் நின்றதுமே, திரும்பாமல், "படிச்சிட்டுத்தான்பா இருக்கேன்" என்கிறாள்.

தெரியும்மா என்கிறார். திரும்புகிறாள், முகத்தில் பயம் ஒன்றும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, அழகாக, மலர்ச்சியாக, வெளியாள் வந்தால் வைத்துக்கொள்கிற முகம். "அவன் ஏதாவது பண்ணிட்டானாப்பா? நான் வேணா சொல்லிக் கொடுக்கட்டுமா?" இல்லம்மா, அவன் ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் படிச்சான், நான்தான்… நீ என்ன பாடம் படிக்கிறே? சொல்கிறாள், உயிரியல், எட்டாம் பாடம், நேத்தே முடிச்சிட்டேன், இது ரெண்டாவது தடவை. கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள், சந்தேகமே இல்லை, முதல் மதிப்பெண்ணும் வாங்குவாள். "பிடிச்சிருக்கா?" என்கிறார். என்னது? "அந்தப் பாடம். படிக்கப் பிடிச்சிருக்கா உனக்கு?" அவள் நெற்றி லேசாகச் சுருங்குகிறது, கேள்வி புரியாததால் இல்லை, இது எந்தப் பகுதியில் வருகிற கேள்வி, எத்தனை மதிப்பெண், என்ன எழுதினால் சரி என்று தேடுகிற சுருக்கம், கண் அவர் முகத்தில் அங்கும் இங்கும் போய் வருகிறது, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாப்பா?" இல்லடா கண்ணு, சத்தியமா இல்லை, நீ ஒண்ணுமே பண்ணலை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறார், அவள் கை தனியாக மேசையில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த பக்கத்தின் மூலையை விரல் தூக்கிப் பிடித்திருக்கிறது, கண் அவரிடம்தான், கை மட்டும் எப்போது வேண்டுமானாலும் புரட்டத் தயாராக. தாங்க முடியவில்லை அவருக்கு. "போதும்மா, கொஞ்ச நேரம் புரட்டாம இரு" என்கிறார், அன்பாகத்தான் சொல்ல நினைத்தார்.

"சரிப்பா."

உடனே விரலை எடுத்துவிட்டாள். புத்தகத்தை மூடினாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், நேராக உட்கார்ந்தாள். சொன்னதைச் செய்துவிட்டாள், அதையும் சரியாக, அதையும் முதல் ஆளாக. அவர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார், ஏதாவது சொல்ல வேண்டும், போய் விளையாடு என்று சொன்னால் போய் விளையாடுவாள், அழு என்று சொன்னால் அழப் பார்ப்பாள், என் பக்கத்தில் வந்து உட்கார் என்றால் அதற்கும் ஒரு சரிப்பா, ஒரு வேலையும் ஏவாமல் இந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது, இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா… அவள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.